காளியண்ணன் கிணற்றில் முளைத்த தீவு

1931ஆம் வருடம் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், ராசிபுரத்துக்கு மேற்கே காளியண்ணனின் தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஓர் எரிமலை முளைத்தது. அன்றைக்குச் சந்தையில் நெய் விலையில் மாற்றமில்லை. எரிமலையைக் குற்றம் சொல்லவும் முடியாது. வரப்புக்கு மேற்கே தோட்டம் வைத்திருந்த பங்காளி மருதாசலம் தம் கிணற்றை ஓர் ஆள் ஆழம் தோண்டினால், காளியண்ணன் தம்முடையதை ஓர் ஆளும் ஒரு முழமும் தோண்டியாக வேண்டும். தண்ணீர் வருவது இரண்டாம்பட்சம், இருவருக்கும் வரவில்லை. பங்காளியின் கிணற்றைவிடத் தம் கிணறு ஆழம் என்ற நிம்மதியில்தான் காளியண்ணன் இத்தனை வருடமாகத் தூங்கினார். அந்தச் செவ்வாய்க்கிழமை வைத்த வெடி பாறையைத் தாண்டிப் போய்விட்டது. முதலில் புகை வந்தது, பிறகு கறுப்புக் கல், பிறகு மலையே வந்தது. தோட்டத்து வீடும் கூடவே மேலேறிச் சரிவில் நின்றுகொண்டது. அடுப்பிலிருந்த களி சிந்தவில்லை.

அதன் பின்னால், அவர் ஆயுசெல்லாம் கேட்ட தண்ணீரும் வந்தது. மலையைச் சுற்றித் தோட்டம் முழுக்க நிரம்பி, தினமும் இருமுறை ஏறி இறங்கி அலையடித்தது. அவருடைய மனைவி செல்லியம்மாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“ஏனுங்க, தண்ணி வேணுமின்னு தோண்டுனீங்க, சரி. ஊறுகா போடற அளவுக்கா உப்புக் கேட்டீங்க?”

ஏற்காட்டுக் குளிர் அலுத்துப்போன துரைமார்கள் குடையோடும் பிஸ்கோத்தோடும் வந்து இறங்கினார்கள். காவிரிக்கரை மோகனூரிலிருந்து பரிசல்கள் வந்தன. துரைசானிகள் மலைவாயை எட்டிப் பார்த்து, புகையில் இருமி, ஆஹா என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். இவ்வளவு தூரம் வந்தவர்கள் நாலு எட்டு நடந்து பின்பக்கத்தையும் பார்த்திருக்கலாம். அங்கேதான் கறுப்பு மணலில் காளியண்ணனின் எருதுகள் சாயங்காலம் அலை பார்த்துப் படுத்திருந்தன. செல்லியம்மாள் விறகில்லாமல் கடலைக்காய் அவிக்கும் வெந்நீர்ப் பொந்து அங்கே இருந்தது. தண்ணீர் இறைக்கும் பழைய கவலைச் சால் எருதுகளை எதிர்பார்க்காமல் தானே இறங்கி ஏறி நல்ல தண்ணீர் கொட்டும் குகையும் அங்கேதான். அந்தத் தண்ணீரில், சாம்பலில், மிளகாய்ச் செடி ஆள் உயரம் வளர்ந்தது. சரிவில் ஒரு கல்லும் உண்டு. துரைசானிகள் அதன்மேல் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டினார்கள். இரண்டு குடும்பங்கள் மூன்று தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொண்ட எல்லைக்கல் அது என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

மூன்றாம் வருடம் ஒரு துரைக்கு அங்கே பங்களா கட்டும் ஆசை வந்தது. ஆசை வந்ததும் சட்டமும் வந்தது. கடலில் புதிதாக எழுந்த தீவு சர்க்காருக்குச் சொந்தம், காளியண்ணனுடைய நிலம் எதுவோ அது தண்ணீருக்கடியில் பத்திரமாக இருக்கிறது, வேண்டுமானால் உழுதுகொள்ளலாம் என்றார் வந்த அதிகாரி. தைக்குள் காலி செய்ய வேண்டும். இது அவருடைய தோட்டம்தான் என்று அண்டை நிலக்காரர் சாட்சி சொன்னால் யோசிக்கலாம்.

காளியண்ணனுக்கு வேறு காணி கிடையாது. அண்டை நிலக்காரர் என்றால் மருதாசலம் ஒருவர்தான். இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டதுகூட நின்று வெகுகாலமாகியிருந்தது.

“ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களே” என்றாள் செல்லியம்மாள்.

“அவங்கிட்டப் போயி நிக்கறதுக்கு அந்த மலை வாயில குதிச்சுக்குவேன்” என்றார். குதிக்கவுமில்லை, கேட்கவுமில்லை, சோறுதான் இறங்கவில்லை.

விசாரணை நாளன்று மருதாசலம் கூப்பிடாமலே பரிசலில் வந்து இறங்கினார். யாரையும் பார்க்காமல் சரிவில் ஏறி எல்லைக்கல் மேல் காலை வைத்தார்.

“இதுக்குக் கெழக்க அவன் காடு, மேக்க என்ற காடுங்க. கல்லை ஒரு முழம் தள்ளி நட்டுப்போட்டான் திருட்டுப் பய. அது வேற வழக்கு. அவனை இங்கிருந்து முடுக்கிப்போட்டா நான் ஆருகூடங்க சண்டை போடறது? சர்க்காரு கூடவா?”

அதிகாரி ஊராரைக் கேட்டார். கல் திருட்டுத்தனமாக நட்டதுதான் என்று பாதிப் பேரும், இல்லை என்று பாதிப் பேரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாரானார்கள். சொந்தக்காரன் இல்லாத மண்ணுக்கு இவ்வளவு பகை இருக்க முடியாது என்பது அவருக்கே புரிந்தது. பங்களா வேறெங்கோ போயிற்று.

காளியண்ணனின் கண் நிறைந்துவிட்டது. இன்றைக்குப் புகை ஜாஸ்தி என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டார். செல்லியம்மாள் குகைத் தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து நீட்டினாள். மருதாசலம் அண்ணாந்து குடித்தார். புகையைப் பார்த்தார், மிளகாயைப் பார்த்தார், படுத்திருந்த எருதுகளை வெகுநேரம் பார்த்தார்.

“தண்ணி பரவால்லீங்க” என்று செல்லியம்மாளிடம் சொல்லிவிட்டுப் பரிசல் ஏறினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, மேற்கே மருதாசலத்தின் கிணற்றில் வெடிச் சத்தம் கேட்டது. ஊரில் யாரும் தலை நிமிரவில்லை. அவருக்கும் ஒன்று வேண்டும்தானே. காளியண்ணன் மட்டும் சரிவில் இறங்கிப் போய், எல்லைக்கல் அசையாமல் இருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.