தங்கை சொல்ல வேண்டிய வரி

நூலகத்தில் எல்லாருக்கும் அவள் மேடம். வீட்டில் அவளை யாரும் எதுவும் கூப்பிடுவதில்லை. ஆள் இல்லாமல் இல்லை. கூடப்பிறந்த அண்ணன், ஏழு வயது மூத்தவர், அடுத்த அறையில்தான் இருக்கிறார். இருவருக்கும் பேச்சு நின்று பதினொரு வருஷம் ஆகிறது, அவ்வளவுதான். கேஸ் தீர்ந்தால் ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைப்பாள். சிலிண்டர் வந்ததும் அவர் அதன் கீழே ‘வந்தது’ என்று எழுதி வைப்பார். அவள் சமைத்து மூடி வைப்பாள், அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். பார்க்கிறவர்களுக்கு என்ன ஒற்றுமையான குடும்பம் என்றுதான் தோன்றும்.

காரணம் சின்னதில்லை. அவளுக்கு நாற்பது வயது நடந்துகொண்டிருந்த சமயம். நூலகத்துக்குத் தினமும் பேப்பர் படிக்க வரும் தபால் அதிகாரி ஒருவர், மனைவியை இழந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அண்ணனிடம் முறையாகப் பெண் கேட்டார். அவள் அப்போது கடைக்குப் போயிருந்தாள். அண்ணன் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ‘தங்கைக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லை’ என்று பதமாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அவளிடம் மூச்சு விடவில்லை. அந்த மனிதர் நூலகத்துக்கு வருவதை நிறுத்தினார், மாற்றல் வாங்கிக்கொண்டும் போய்விட்டார். எட்டு மாதம் கழித்து வேறு யாரோ சொல்லித்தான் விஷயம் அவள் காதுக்கு வந்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, “நீ போயிட்டா எனக்கு யார் இருக்கா?” என்றார்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் பேசவில்லை. பிடிவாதத்தில் இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தானே. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் சரியாகப் போயிருக்கும் என்று அவள் நினைத்தாள். பதினொரு வருஷமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வாரம் முழுக்க நூலகத்தில் அவள் பேசுவதெல்லாம், இங்கே கையெழுத்துப் போடுங்க, புதன்கிழமைக்குள்ள திருப்பிடுங்க என்கிற அளவுதான். சனிக்கிழமை மூன்று மணிக்கு மாடி அறைக்குப் போனால் மட்டும் ஆளே மாறிவிடுவாள். முதலாம் எலிசபெத் ராணி காலத்து ஆங்கில நாடகங்களைப் படித்தே இராதவர்களுக்கு அங்கே அவள் அறிமுக வகுப்பு நடத்துகிறாள். தானே எளிய தமிழில் எழுதி, தானே தட்டச்சு செய்து, வருகிறவர்களை வைத்தே வாசிக்கச் செய்வாள். முதல் நாள் அவள் சொல்வது இதுதான். இந்த நாடகங்களில் ஒரு வகை கல்யாணத்தில் முடியும், இன்னொரு வகை முடிசூட்டில் முடியும். ராஜா கதையில் யார் யாரோடு சண்டை என்று குழம்பினால் பயப்பட வேண்டாம், அந்த ராஜாக்களே குழம்பியவர்கள்தான்.

இந்த வருஷம் அந்த வகுப்புக்கே ஆபத்து வந்தது. ஆறு பேர் சேராவிட்டால் மாடி அறையைக் கணினிப் பயிற்சிக்குக் கொடுத்துவிடுவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார். ஐந்து பேர் சேர்ந்தார்கள். பல் டாக்டர், ஆம்புலன்ஸ் டிரைவர், தையற்கடை அம்மா, கணக்கு வாத்தியார், அவர் மனைவி. கடைசித் தேதிக்கு முந்தின நாள் பதிவேட்டைத் திறந்தால் ஆறாவதாக ஒரு பெயர். ‘வந்தது’ என்று மேசையில் எழுதும் அதே சாய்ந்த கையெழுத்து. அண்ணன் மின்சார அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பக்கத்தையே கிழித்திருப்பாள். கிழித்தால் வகுப்பு போச்சு. வீட்டில்தான் பேச ஆளில்லை, இங்கேயும் வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒப்புக்குச் சப்பாணியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று பதிவேட்டை மூடிவிட்டாள்.

வகுப்பு களைகட்டியது, அதையும் சொல்லியாக வேண்டும். ஒரே பெயரில் வரிசையாக ராஜாக்கள் வந்து, எண்ணை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும் என்றதும் எல்லாரும் திணறினார்கள். பல் டாக்டர் மட்டும் அசரவில்லை, அவருக்குப் பல்லுக்குப் பல் எண் போட்டே பழக்கம். நாயகி ஆண் வேஷம் போட்டதும் காதலனுக்கே அடையாளம் தெரியவில்லை என்றபோது தையற்கடை அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. தோள்பட்டையைப் பார்த்தால் தெரியாதா, இவனெல்லாம் என்ன காதலித்தான் என்று கேட்டார். போர்க்களத்தில் அடிபட்டுக் கிடக்கிற பிரபு இருபது வரி பேசுகிறானே, அதற்குள் தூக்கிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பானே என்று ஆம்புலன்ஸ் டிரைவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். அவள் சிரித்தாள். கடைசி நாற்காலியில் அண்ணன் ஒன்றும் கேட்காமல் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. முழு நாடகத்தையும் யார் கையிலும் கொடுக்க மாட்டாள். அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் கையால்தான் நகல் எடுக்க வேண்டும், வேறு குழு திருடிவிடும் என்ற பயம் வேறு. அதனால் நடிகனுக்கு அவன் பேச வேண்டிய வரிகளும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் மற்றவன் சொல்லி முடிக்கும் மூன்று வார்த்தைகளும் மட்டும்தான் கிடைக்கும். அந்த மூன்று வார்த்தை காதில் விழுந்ததும் இவன் பேச வேண்டும். தான் பேசியதற்கு என்ன பதில் வரும் என்று மேடையில் நிற்கும் வரை அவனுக்கே தெரியாது. அதே மாதிரி அவளும் ஆளுக்கொரு தாள்தான் கொடுப்பாள். அப்போதுதான் ஒருத்தர் பேசுவதை இன்னொருத்தர் காது கொடுத்துக் கேட்பார்கள் என்பாள்.

ஆறாவது வாரத்துக்கு அவள் ஒரு நகைச்சுவை நாடகத்தின் கடைசிக் காட்சியை எடுத்தாள். தங்கை கடலில் மூழ்கிவிட்டாள் என்று ஊரை நம்பவைத்து, அவள் கோட்டையில் தான் உட்கார்ந்துகொண்ட ஓர் அண்ணன், ஐந்தாம் அங்கத்தில் தங்கை உயிரோடு வந்து நின்றதும் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பான். எத்தனையோ காட்சி இருக்க இதை ஏன் எடுத்தாள்? வேண்டுமென்றேதான் எடுத்தாள். அண்ணன் வேஷத்தை அண்ணனுக்குத்தான் கொடுத்தாள். தாளில் இருப்பதைப் படித்தாவது அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரட்டும், நான் எதிரே உட்கார்ந்து கேட்கிறேன் என்று நினைத்தாள். தங்கை வேஷத்தைக் கணக்கு வாத்தியார் மனைவிக்குக் கொடுத்தாள்.

அந்த வாரம் முழுக்க சாயங்காலங்களில் அடுத்த அறையிலிருந்து முணுமுணுப்புக் கேட்டது. முதலில் போனில் பேசுகிறார் என்று நினைத்தாள். பிறகு ஒரு வார்த்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. ‘மன்னித்துவிடு.’ சத்தமாக ஒரு தடவை, மெதுவாக ஒரு தடவை, நடுவில் நிறுத்தி ஒரு தடவை. எது சரியாக வரும் என்று பார்க்கிறார் போல. அவள் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை கணக்கு வாத்தியார் தனியாக வந்தார். மனைவிக்குக் காய்ச்சல். தங்கை வேஷத்தை இப்போது யார் படிப்பது? தையற்கடை அம்மா கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். நீங்களே படிச்சிடுங்க மேடம், உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே என்றார் பல் டாக்டர். எல்லாரும் ஆமாம் போட்டார்கள். அண்ணன் மட்டும் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காட்சி நடந்தது. பிரபுவாகப் பல் டாக்டர், தூதனாக டிரைவர், இருவரும் ஜோராகவே படித்தார்கள். தங்கை தன் மாறுவேஷத்தைக் களைந்து முகத்தைக் காட்டும் இடம் வந்தது. அவள் தன் வரிகளைச் சொல்லி, ‘நான்தான் உன் தங்கை’ என்று முடித்தாள். அவருக்கான மூன்று வார்த்தை அதுதான்.

அண்ணன் எழுந்து நின்றார். மற்றவர்கள் உட்கார்ந்தபடிதான் படித்தார்கள், இவர் எழுந்தார். தாளை நாற்காலியில் வைத்துவிட்டு நேராக அவளைப் பார்த்தார்.

“உன் நாட்களை நான் எடுத்துக்கொண்டேன். திருப்பித் தர என்னிடம் அவை இல்லை. செய்தது தெரிந்தே செய்தது. மன்னித்துவிடு, தங்கையே.”

தமிழ் அவள் எழுதிய தமிழ்தான். ஒவ்வொரு வார்த்தையும் அவள் தட்டச்சு செய்ததுதான். ஆனாலும் காதில் விழுந்தபோது வேறு யாரோ எழுதியது போல இருந்தது. அடுத்தது அவள் வரி. ‘எழுந்திரு, அண்ணா. எல்லாம் மறந்துவிட்டேன்.’ அவ்வளவுதான். அதோடு மேளமும் கல்யாணமும்தான். அவர் தாளில் அந்த வரி கிடையாது, அவர் பங்கு மன்னிப்போடு முடிந்துவிடுகிறது. என்ன பதில் வரும் என்று தெரியாமல் அந்த மனிதர் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை. பத்து வருஷமாக எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்த வரி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய வரி, வரமாட்டேன் என்றது. டிரைவர் மெதுவாக, “உங்க வரிதான் மேடம்” என்றார். தெரியும் என்று தலையசைத்தாள். தாள்களை அடுக்கினாள். நேரமாகிவிட்டது, மீதி அடுத்த வாரம் என்றாள். சுவரில் மணி நாலு இருபது, வகுப்போ ஐந்து வரைக்கும். எல்லாரும் நாற்காலிகளை ஓரமாகப் போட்டுவிட்டு ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள்.

இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள், அவள் முன்னால், அவர் பின்னால். வீட்டுக்கு வந்து அவள் சமையலறைக்குள் போனாள். காய் நறுக்க உட்கார்ந்தபோது வாசலில் நிழல் தெரிந்தது. பதினொரு வருஷமாக அவள் உள்ளே இருக்கும்போது அவர் அந்த வாசலுக்கு வந்ததில்லை.

“அந்தப் பொண்ணு என்ன சொல்றா?” என்றார் அண்ணன்.

எந்தப் பெண் என்று அவள் கேட்கவில்லை. இருவரும் மறுபடி பேச ஆரம்பிக்கிற நாள் இப்படி இருக்கும் என்று அவர் என்றைக்காவது நினைத்திருப்பாரோ என்னவோ. குரல் ரொம்பக் கிழடு தட்டியிருந்தது. இந்தக் குரல் எப்போது இப்படி ஆனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“எழுந்திருன்னு சொல்றா,” என்றாள். “எல்லாம் மறந்துட்டேன்னு சொல்றா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அண்ணன் நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டார். “அவ்வளவு சீக்கிரமா சொல்லிடறா?”

“நாடகம்தானே,” என்றாள் அவள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். போகத் திரும்பியவர் நின்றார். “தாள்ல இருந்ததுக்காக நான் சொல்லலம்மா,” என்றார்.

“தெரியும்,” என்றாள்.

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவர் நின்றார். அவளும்கூடத் தான் ஏதாவது சொல்வோம் என்றுதான் காத்திருந்தாள். கத்தி கையில் அப்படியே இருந்தது. அந்த வார்த்தை வந்தால் உள்ளே ஏதோ உடைந்து கரைந்து ஓடும், அண்ணா என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும், மிச்சமெல்லாம் தானாக நடக்கும் என்று இத்தனை வருஷம் கணக்குப் போட்டிருந்தாள். வார்த்தை வந்தாகிவிட்டது. ஒன்றும் கரையவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே இருந்தது, அந்தத் தபால் அதிகாரி அப்படியே தண்ணீரைக் குடித்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அண்ணன் சரி என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார். அவள் காயை நறுக்கி முடித்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, அதனால்தான் தான் பேசவில்லை என்று பதினொரு வருஷம் ஒரு சாக்கு இருந்தது. இனிமேல் அதுவும் இல்லை.