முதல் கிண்ணம்

1

டமால்!

ஹாவ் அக்கா கடையின் இரும்புக் கதவு மேலே ஏறிய சத்தம் அது. இந்தக் கதை பிறந்ததே அந்தச் சத்தத்தில்தான். சைகோனில் எங்கள் சந்துக்குள் குட்டை மேசையும் சிவப்பு பிளாஸ்டிக் முக்காலிகளும் போட்ட சாப்பாட்டுக் கடை, மாலையில்தான் திறக்கும். தக்காளி மிதக்கும் வயல்நண்டு சூப்பில் அரிசி நூடுல்ஸ். இதைவிடக் குறைந்த செலவில் வயிறு நிறைய வழியில்லை.

கதவு ஏறியதும் எதிர்வீட்டுத் தகரக் கூரையின் கீழ் ஒரு பெண் வந்து நிற்பாள். பசியோடு நிற்பாள். ஆனால் உள்ளே போகமாட்டாள். ஏன் என்று விசாரிக்கப் போய்த்தான் பேனாவை எடுத்தேன்.

2

பெயர் குயென். தையல் ஆலையில் இரவு ஷிப்ட்.

முதல் தொடக்கம்: குயெனின் கண்களில் சோகம் ததும்ப... (வேண்டாம். அந்தக் கண்களில் இருந்தது பசி.)

இரண்டாவது தொடக்கம்: கணவனை இழந்த குயென், பாவம், தன்... (‘பாவம்’ என்று எழுதியதும் அவள் என்னை முறைத்த மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து குயெனுக்கும் அவள் கணவனுக்கும் ராச்சாப்பாடு இந்தக் கடையில்தான். இந்த மழைக்காலம் தொடங்கும்போது அவன் இறந்தான். துக்கத்துக்கு அடையாளமாகச் சட்டையின் மார்பில் சின்னக் கறுப்புத் துணித்துண்டைக் குத்தியிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் போணி செய்வது யார் என்பதில்தான் அன்றைய வியாபாரமே இருக்கிறது. துக்கத்தில் இருப்பவர் போணி செய்தால், அவர் போன பிறகு கடைக்காரர் காகிதத்தைக் கொளுத்தி வாசலில் ஆட்டித் தோஷம் கழிப்பார். குயெனை யாரும் தடுக்கவில்லை. வேறு யாராவது போணி செய்யட்டும் என்று அவளாகத்தான் எதிரே நிற்கிறாள்.

* ஹாவ் அக்காவைப் பற்றி ஒரு குறிப்பு. கெட்டிக்காரி. போன மாதம் ஊருக்குப் போய்வந்ததிலிருந்து, ஏப்ரனின் இடப்பக்கத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். காசு பத்திரமா என்றுதான், வேறென்ன?

3

இன்று அடைமழை. சந்தில் ஈ காக்கை இல்லை. ஆலையில் சங்கு ஊதப் போகிறார்கள். யாரும் வராவிட்டால் குயென் வெறும் வயிற்றோடுதான் விடியவிடிய மிஷின் மிதிக்க வேண்டும்.

எழுதுகிறவன் கையில்தானே எல்லாம்? ஓர் ஆளை அனுப்பினேன். (பெயர் தின். மழைக்கோட்டு போட்ட பைக் டாக்ஸிக்காரன். முழுக்க என் கற்பனை.) அவள் பக்கத்தில் வண்டியை நிறுத்தினான்.

“என்னக்கா, இங்கயே குடி வந்துட்டீங்களா? இருங்க, நான் போயி போணி பண்றேன். பின்னாடியே வாங்க.”

“வேணாம் தம்பி. நீ கெளம்பு.”

“அட, எனக்கும் பசிக்குதுக்கா!”

“அப்ப எனக்கு அப்புறம் வா. இன்னிக்கு நான்தான் மொதல்ல.”

“அந்தம்மா கரண்டியாலயே அடிக்கும்க்கா.”

“அடிக்கட்டும். சாப்பிட்டுட்டு வாங்கிக்கறேன்.”

நான் அனுப்பிய ஆளை அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். இத்தனை தொடர்கதை எழுதியும் இப்படி ஒருத்தியிடம் நான் மாட்டியதில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கடந்தாள். வாசலை ஒட்டிய முக்காலியில், கறுப்புத் துணி நன்றாகத் தெரியும்படி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஒரு கிண்ணம் குடுங்கக்கா. எறா விழுது தூக்கலா.”

ஹாவ் அக்காவின் கரண்டி பானைக்குள் அப்படியே நின்றது.

4

முடிவு (அ): ஹாவ் அக்கா பழைய செய்தித்தாளை உருவி, தீப்பெட்டியை... (நடக்கக்கூடியதுதான். ஆனால் இதற்கா குயென் தண்ணீரில் இறங்கினாள்?)

முடிவு (ஆ): இருவரும் கட்டிப்பிடித்து அழ... (வாரப்பத்திரிகையில் எடுபடும். சூப் ஆறிவிடும்.)

மழை விட்டதா? பிறகு கூட்டம் அம்மியதா, ஈ ஓட்டினார்களா? குயென் கை ராசியான கையா? அந்தத் தீர்ப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், நான் எழுதுவதாக இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கிண்ணம் வழிய நூடுல்ஸ் போட்டு, கீரைத் தட்டோடு கொண்டுவந்து வைத்தாள் ஹாவ் அக்கா. எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஏப்ரனின் இடப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். (மேலே காசு என்று எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிடுங்கள்.)

“அம்மா போனதுலேருந்து இதே கறுப்புத் துணிய நான் உள்பக்கமா குத்திட்டிருக்கேன், யாவாரம் படுத்துடுமேன்னு. தெனமும் இந்தக் கடைக்குள்ள மொதல்ல கால் வைக்கறது நான்தான்டி. சாப்பிடு.”