மொட்டு எந்தப் பக்கம்

அக்காவின் கணவர் என்பதால்தான் அந்த ஆளை இன்னும் அத்தான் என்று கூப்பிடுகிறேன். மற்றபடி வாயில் வேறு வார்த்தைதான் வருகிறது.

கரண்டிப் பட்டறை அவருடையது. அங்கே அச்சு செதுக்குவது மச்சினி நான். கைப்பிடியில் கொடி ஏறி, நுனியில் ஒரு மொட்டு வலப்பக்கம் சாய்ந்து நிற்கும் முள்கரண்டி ஒன்றை ஒரு வருஷம் கண் எரிய எரிய உட்கார்ந்து உருவாக்கினேன். என் மேஜை இழுப்பறையில் இருந்த படத்தை எடுத்துப்போய், வடிவமைப்புப் பதிவு அலுவலகத்தில் தன் பெயரில் பதிந்துவிட்டார். கேட்டால், வீட்டுக்குள் என்ன உன் பேரு என் பேரு என்று சிரிக்கிறார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

சான்றிதழைக் கண்ணாடி போட்டு, சாப்பாட்டு மேஜைக்கு நேரே மாட்டியிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். படத்தில் மொட்டு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மகராசன் தூக்கிக்கொண்டு போனது அச்சு வெட்டுவதற்கான படம். கரண்டியில் வலமாக விழ வேண்டுமென்றால் அச்சில் இடமாக வெட்ட வேண்டும். உளியைத் தொட்டவர்களுக்குத் தெரியும். இவர் தொட்டதெல்லாம் டெலிபோன்தான்.

ஆட்சேப மனு கொடுத்தேன். மொட்டைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. எப்போதடா விசாரணை வரும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

விசாரணையில் பதிவு அலுவலக அதிகாரியம்மா படத்தையும் பட்டறையில் செய்த கரண்டியையும் பக்கத்தில் வைத்து, ஏன் மாறியிருக்கிறது என்று கேட்டார். அத்தான் அப்போதுதான் முதல் தடவையாக அந்த மொட்டைப் பார்த்தார். படத்தை நகல் எடுத்தவன் திருப்பிவிட்டான் என்றார். வெறும் அலங்காரம்தானே, எந்தப் பக்கமானால் என்ன என்றார். நான் பையிலிருந்த அச்சை எடுத்து மெழுகில் அழுத்தினேன். மொட்டு வலப்பக்கம் சாய்ந்து எழுந்தது. வரைந்து பழகிய என் பழைய நோட்டையும் பக்கத்தில் வைத்தேன். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. பதிவு என் பெயருக்கு மாறியது.

வெளியே வந்ததும் வழிமறித்தார். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே மாத்தியிருப்பேன்ல?"

"எதை? படத்தையா, பேரையா?"



அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அத்தான் தட்டருகே இருந்த முள்கரண்டியை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"மொட்டு எந்தப் பக்கம்னு சொல்லிட்டுச் சாப்பிடுங்க, அத்தான்."

அவர் அக்காவைப் பார்த்தார். இந்தத் தடவை அவள் தலை குனியவில்லை.

"கேக்குறாள்ல, சொல்லுங்க," என்றாள்.