பதினொரு தாழ்ப்பாள் வீடு

வீட்டை விற்றவர் பொத்தான் வியாபாரி. சட்டைப் பொத்தான், கோட்டுப் பொத்தான், குழந்தைகள் கவுனில் தைக்கிற வாத்துப் பொத்தான், எல்லாம் மொத்த விலைக்கு. இதையெல்லாம் திருட எவன் வரப்போகிறான் என்று அந்த மனுஷரை முப்பது வருஷமாக ஒருத்தரும் கேட்கவில்லை போலிருக்கிறது. கேட்டிருந்தால் வாசல் கதவில் பதினொரு தாழ்ப்பாள் வந்திருக்காது.

தாழ்ப்பாளோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கதவின் கைப்பிடி கீல் இருக்கிற பக்கத்தில் இருந்தது. அதைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் கதவு அசையாது, திருடன் களைத்துப்போய் வீட்டுக்குப் போய்விடுவான் என்பது ஏற்பாடு. மாடிப்படியில் மூன்றாவது படியை மிதித்தால் பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு சத்தம். குளியலறைக் கதவில் எட்டிப் பார்க்கிற கண்ணாடி. அது உள்ளேயிருந்து வெளியே பார்ப்பதற்குத்தான் என்று வியாபாரி மூன்று தடவை சத்தியம் செய்தார். எல்லாவற்றுக்கும் மேலே வாசல் மிதியடி. அதன்மேல் யார் நின்றாலும், கதவுக்கு மேல் ஒளித்துவைத்த ஒலிபெருக்கியிலிருந்து வியாபாரியின் குரல், "யார்றா அது? நாய அவுத்து விடுடா!" என்று அலறும். நாய் கிடையாது. நாய் இருந்தால் அதை வெளியே கூட்டிப்போக யாராவது அந்தக் கதவைத் திறந்தாக வேண்டுமே.

"இவ்வளவு பாதுகாப்பு இருக்கே, அப்புறம் ஏன் விக்கறீங்க?" என்று எக்ஸ்ரே அம்மா கேட்டாள்.

"பத்தலைம்மா" என்றார் வியாபாரி.

எக்ஸ்ரே அம்மா என்பது ஆஸ்பத்திரியில் அவளுக்கு விழுந்த பெயர். மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள் என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லி வருகிறாள். வீட்டுக்காரருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பரீட்சைக் கூடத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வைத்த பெயர் பறக்கும்படை. காலுறைக்குள், அழிப்பான் உறைக்குள், ஒருமுறை ஒருத்தன் கைக் காயத்துக் கட்டுக்குள் இருந்துகூடப் பிட்டுக் காகிதத்தை உருவியவர். ஓய்வுக்குப் பிறகு சந்தேகப்பட ஆள் கிடைக்காமல் இரண்டு வருஷமாக இளைத்துக்கொண்டிருந்தார். பொத்தான் வியாபாரி தன் கைப்பட எழுதிய நாற்பத்து மூன்று பக்க உபயோகக் குறிப்பேட்டை நீட்டியபோது, அதை வாங்கிய அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மகள் பிறந்தபோதுகூட அப்படி ஒரு வெளிச்சம் அந்த முகத்தில் வரவில்லை.

எக்ஸ்ரே அம்மா அந்த வீட்டுக்குத் தலையாட்டியது வேறு காரணத்துக்காக. மகள் ஒன்றரை வருஷத்துக்கு முன்பு கல்வி அலுவலகத்து நிரந்தர வேலையை உதறிவிட்டு, நாய்களுக்கு முடிவெட்டுகிற கடை போட்டாள். பறக்கும்படை குதித்த குதிப்பில் பழைய வீட்டின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கடைசியில், "நாய்க்கு முடி வெட்டறவ இந்த வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அவள் மிதிக்கவில்லை. அவரும் சொன்ன வார்த்தையை மாற்றவில்லை. கேள்வித்தாளில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதற்குத்தான் பதில் என்று வாழ்ந்த மனுஷர். அதனால்தான் எக்ஸ்ரே அம்மா யோசித்தாள்: சொன்னது அந்த வீட்டு வாசப்படி. வீட்டையே மாற்றிவிட்டால்? இப்படி ஒரு யோசனை தோன்றியதும் எந்த வீடாக இருந்தால் என்ன என்று ஆகிவிட்டது. கதவில் இன்னும் நாலு தாழ்ப்பாள் கூடுதலாக இருந்தாலும் வாங்கியிருப்பாள்.

இந்தக் குடும்பத்துக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டார்கள், நாக்கு புரளாது. சண்டை போட்டவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். கதவைத் திறந்தவர் எதுவும் கேட்காமல் உள்ளே விடுவார். அவ்வளவுதான், சண்டை தீர்ந்தது. ஓர் ஏணிக்காக மூன்று வருஷம் பேசாமல் இருந்த மூத்தார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், ஒரு மத்தியானம் நேரே உள்ளே வந்து, "தண்ணி குடு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இன்றைக்கு வரைக்கும் அந்த ஏணியைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால் செல்லாது. சொல்லிவிட்டு வருகிறவன் விருந்தாளி, அவனுக்குக் காபி கிடைக்கும், சமாதானம் கிடைக்காது.

ஆக, எக்ஸ்ரே அம்மா குடிபுகுந்த அன்றே மகளுக்குப் புது விலாசத்தை மட்டும் அனுப்பினாள். வா என்று எழுதவில்லை. எழுதினால் அழைப்பாகிவிடும். மகள் பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. அதுவே நல்ல சகுனம் என்று எக்ஸ்ரே அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

இப்படியாகச் சொல்லாமல் வருகிறவர்களை மட்டுமே மன்னிக்கத் தெரிந்த குடும்பம், சொல்லாமல் வருகிறவர்களை விரட்டுவதற்கென்றே கட்டிய வீட்டில் குடியேறியது. புத்திசாலிகள்.

மிதியடிக் குரலை நிறுத்திவிடச் சொல்லி அவள் முதல் வாரமே கேட்டாள். குறிப்பேட்டின் முப்பத்தோராம் பக்கத்தைப் புரட்டி, அதை நிறுத்த முடியாது, குரலை வேண்டுமானால் மாற்றலாம் என்றார் அவர்.

"அப்ப மாத்துங்க. வாங்க, வணக்கம்னு வைங்க."

"திருடன வாங்கன்னு சொல்லச் சொல்றியா?"

மாற்றத்தான் மாற்றினார். வியாபாரியின் கத்தல் அவருக்குத் தரக்குறைவாகப் பட்டது. அவரிடம் முப்பது வருஷம் பரீட்சைக் கூடத்தில் தீட்டிய சொந்தச் சரக்கு இருந்தது. எந்த மேஜைக்கு முன்னால் நின்று சொன்னாலும் அந்த மேஜைக்காரன் தானாகவே பிட்டை எடுத்து நீட்டிவிடுகிற சரக்கு. கதவைச் சாத்திக்கொண்டு, தொண்டையைச் செருமி, நிதானமாகப் பதிவு செய்தார்: "நீ யாருன்னு எனக்குத் தெரியும். என்ன பண்ணிட்டு வந்திருக்கேன்னும் தெரியும். உனக்கு இங்க இடமில்ல. திரும்பிப் பாக்காமப் போயிடு."

வேலை செய்தது. மின்சார மீட்டர் பார்க்க வந்த ஆள் வெலவெலத்துப்போய், மூன்று மாசமாகத் தெருமுனையில் நின்றே குத்துமதிப்பாக எழுதியதை ஒப்புக்கொண்டார். தபால்காரர் இனிமேல் கடிதத்தை வளைக்கமாட்டேன் என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். பறக்கும்படைக்கு வாயெல்லாம் பல். உலகத்தில் எவன் மடியிலும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்கு நிரூபணம் கிடைத்துவிட்டதே. எக்ஸ்ரே அம்மாவும் சிரித்தாள். அப்போதே அந்த ஒயரைப் பிய்த்து எறிந்திருக்கலாம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள், அது அவள் தப்பு.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். அவள் மொட்டைமாடியில் படுக்கை விரிப்பைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் அந்தக் குரல் கேட்டது. கீழே கூடத்திலிருந்து, "வேலை செய்யுது பாத்தியா!" என்று வீட்டுக்காரர் கூவினார்.

அவள் ஓடி இறங்கினாள். மூன்றாவது படி கத்தியது. முதல் தாழ்ப்பாள், இரண்டாவது, மூன்றாவது. ஏழாவதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். எட்டாவது, ஒன்பதாவதைத் திறக்காமல் திறக்காது. நகம் ஒடிந்து, விரல் நசுங்கி, ஒருவழியாகக் கதவு திறந்தபோது வாசலில் யாரும் இல்லை. மிதியடியில் வெள்ளையாக நாலைந்து நாய் முடி கிடந்தது.

எதிர்வீட்டு ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வந்தாள்.

"இப்பத்தான் ஒரு பொண்ணு ஸ்கூட்டர்ல வந்துச்சு. கையில ஒரு பை. உங்க வீட்டுக்காரர் உள்ள இருந்தே அப்படிப் பேசினாரே, ஏங்க? அந்தப் பொண்ணு நகரவே இல்ல, முழுசும் கேட்டுச்சு. அப்புறம் 'சரிப்பா'ன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிடுச்சு."

எக்ஸ்ரே அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மிதியடிக்கு மேலேதான் உட்கார்ந்தாள். அவளையும் யாரென்று தெரியும் என்றது குரல், இங்கே இடமில்லை என்றது. பின்னால் வந்து நின்ற பறக்கும்படை, முழுசும் கேட்டார். இதுவரை மிதியடியைத் தாண்டியே போய்வந்தவர், முதல் தடவையாக வாசலுக்கு வெளியே நின்று கேட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு வந்தது?"

"யாருன்னு உங்களுக்குத்தான் தெரியுமாமே. இப்பத்தான சொன்னீங்க."

"அது... அது மெஷின். மெஷின்னு ஒரு போன் பண்ணிச் சொல்லிடு."

"மெஷினா? பேச்சு யாரோடது? ஒன்றரை வருஷமா மனசுல வச்சிருந்தத மெஷின்ல ஏத்தி வாசல்ல மாட்டிட்டு, இப்ப மெஷின் மேல பழி போடறீங்களா? நீங்களே நேர்ல போங்க. சொல்லாமப் போய் நில்லுங்க."

"நானா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இத்தனை வயசில் அவர் யார் வீட்டுக்கும் அப்படிப் போய் நின்றதில்லை. அண்ணன் வந்தார், மச்சினன் வந்தான், எல்லோரும் அவர் வாசலுக்குத்தான் வந்தார்கள். வருகிறவர்களை உள்ளே விடுவதுதான் தன்னுடைய பெருந்தன்மை என்று இதுநாள்வரை நினைத்திருந்தார்.

சட்டையை மாட்டிக்கொண்டு வந்தவர் பழக்கதோஷத்தில் கதவைப் பூட்ட ஆரம்பித்தார். வெளியிலிருந்து பூட்டுவதற்கு மட்டும் குறிப்பேட்டில் ஆறு பக்கம்.

"சும்மா சாத்திட்டு வாங்க" என்றாள்.

"திருடன் வந்தா?"

"வரட்டும். இந்த வீட்டுக்குள்ள யாராவது ஒருத்தராவது வரட்டும்."

மகளின் குடியிருப்பு கடைக்கு மேல்மாடியில். படியெல்லாம் ஷாம்பு வாசனை. வழிநெடுக ஆட்டோவில் பறக்கும்படையின் உதடு அசைந்துகொண்டே வந்தது. மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளங்கையில் பேனாவால் ஏதோ எழுதியிருந்ததையும் பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். இரண்டு படி கீழேயே நின்றுகொண்டாள்.

கதவில் மணி இல்லை, கண்ணாடி இல்லை. அவர் கையைத் தூக்கினார், இறக்கினார். பிறகு ஒரு விரலால் தட்டினார், காதுக்கே கேட்காத அளவுக்கு. போய்விடலாமா என்பது போல் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முறைத்தாள். இன்னொரு தடவை தட்டினார்.

கதவு உடனே விரியத் திறந்தது. மகள் நின்றாள். கண் சிவந்து வீங்கியிருந்தது. அவர் வாயைத் திறந்தார். மனப்பாடம் செய்ததில் ஒரு எழுத்துகூட வரவில்லை. வந்தது இதுதான்:

"யாருன்னு கேக்காமலே கதவத் திறக்கறியே, அறிவிருக்கா உனக்கு?"

எக்ஸ்ரே அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மகள் அவரையே பார்த்தாள். வேர்த்து நனைந்த சட்டையை, தப்பாகப் போட்ட பொத்தானை, உள்ளங்கையில் கலைந்துபோயிருந்த நீல மையை எல்லாம் பார்த்தாள்.

"கேட்டிருந்தா திறந்திருக்க மாட்டேம்பா" என்று சொல்லிவிட்டு, அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.