வெளித்தாழ்ப்பாள்

என் ஓநாயைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பின்னே? இரண்டு வருடம் உட்கார்ந்து அதன் மூளையை எழுதியவன் நான். எங்கள் கம்பெனி செய்கிற வீடியோ கேமில் பனிக்காட்டை வரைந்தது வேறு ஆள், காற்றுச் சத்தம் சேர்த்தது வேறு ஆள். ஓநாய் எப்போது மோப்பம் பிடிக்கும், எங்கே பதுங்கும், எந்த நேரம் பார்த்துக் கழுத்தைக் கவ்வும் என்பதெல்லாம் என் கைவரிசை. ஆடுகிறவர் அந்தக் காட்டில் தன்னந்தனியாகப் பிழைத்துக் கிடக்க வேண்டும். ஒரே உயிர்தான். செத்தால் செத்ததுதான். கட்டிய குடிசை, சேர்த்த விறகு, அந்தக் காடு மொத்தமும் அழிந்துபோகும், திரும்பக் கிடைக்காது.

விற்பனைக்கு விடுவதற்கு முன்னால் கொஞ்சம் பேருக்குச் சும்மா ஆடிப் பார்க்கக் கொடுத்திருந்தோம். எல்லோரும் செத்து, எங்களைத் திட்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் மட்டும் சாகவே இல்லை. அதுகூடப் பரவாயில்லை என்று விடலாம். அந்த ஆள் ஒரு மிருகத்தைக்கூட அடிக்கவும் இல்லை! யார், எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது, திரையில் வெறும் எண்தான் வரும். ஆபீசில் பிள்ளைப்பூச்சி என்று பெயர் வைத்துவிட்டோம்.

அன்று காலை எங்கள் லீடர் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"விளம்பரத்துல என்ன போட்டிருக்கோம்? கொன்னாதான் பொழைக்க முடியும்னு. இந்தப் பிள்ளைப்பூச்சி நம்ம மானத்த வாங்குது. ஒண்ணு, அது திருட்டு ஆட்டம் ஆடுது. இல்ல, உன் ஓநாய் வெத்துவேட்டு. எதுன்னு சொல்லு."

"திருட்டு ஆட்டம்தான் சார். இன்னிக்கே பிடிச்சுக் காட்டறேன்."

பக்கத்து மேஜையில் டெஸ்டர் பெண். கேமில் விதவிதமாகச் செத்துப் பார்த்து, எங்கே கோளாறு என்று சொல்வது அவள் வேலை. "வெத்துவேட்டு" என்று வாய்க்குள் சொல்லிச் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்தாள். வீட்டில் நானும் அவளும்தான். இறைச்சி பேக் செய்கிற கம்பெனியில் வெட்டுகிற பிரிவில் இருக்கிறாள். கத்தி பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கி, லீவில் இருந்தாள்.

"மத்தியானம் சாப்பிட வர்றியாடா?"

"முடியாதுக்கா. ஒரு ஆள ஒழிச்சுக்கட்ட வேண்டியிருக்கு."

"நல்ல பொழப்புடா உன் பொழப்பு" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

பிள்ளைப்பூச்சி ஆட வந்ததும் அதன் ஆட்டத்தை என் பெரிய திரையில் போட்டேன். கண் கொட்டாமல் பார்த்தேன். திருட்டு ஒன்றும் இல்லை. எனக்கு முதல் அடி அதுதான். கரடி தூங்குகிற குகைப் பக்கம் போக வேண்டி வந்தால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, காட்டையே சுற்றிப் போயிற்று. காட்டுப்பன்றி பாய்ந்தபோது மரத்தில் ஏறி, அதற்கு அலுத்துப்போகும்வரை கிளையிலேயே உட்கார்ந்திருந்தது. சாப்பாடு காட்டுப்பழமும் கிழங்கும். ஆரம்பத்தில் நாங்கள் கொடுக்கிற இறைச்சி டப்பாக்களை அது தின்னவே இல்லை. ஓநாய் வழிமறித்தால் ஒரு டப்பாவைத் திறந்து கீழே வைத்துவிட்டு, முதுகைக் காட்டாமல் அடிமேல் அடியாகப் பின்வாங்கிப் போய்விடும். என் ஓநாய், இரண்டு வருட உழைப்பு, டப்பாவை நக்கிக்கொண்டு நிற்கிறது! துப்பாக்கி மட்டும் தோட்டாவோடு குடிசைச் சுவரில் சும்மா தொங்கியது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எப்போது திரும்பி வந்தாலும் ஓடையில் கை கழுவிவிட்டுத்தான் குடிசைக்குள் நுழையும். கை கழுவ ஒரு பட்டன் வைத்திருந்ததையே நாங்கள் மறந்துபோயிருந்தோம்.

"ரத்தமே படாத கைய எதுக்கு இந்தக் கழுவு கழுவுது?" என்றாள் டெஸ்டர்.

"திருட்டு ஆட்டம் இல்ல சார்" என்று லீடரிடம் சொல்ல எனக்கு நாக்குக் கூசியது.

"அப்ப வெத்துவேட்டுதானா?"

அவ்வளவுதான், எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "பாத்துட்டே இருங்க" என்று கீபோர்டை இழுத்தேன். ஓநாய்களுக்கு நெருப்பென்றால் இருந்த பயத்தை எடுத்தேன். பசியை உச்சத்தில் வைத்தேன். ஐந்து ஓநாய்களைக் குடிசை வாசலில் இறக்கினேன். போதாதென்று பனிப்புயலையும் கிளப்பிவிட்டேன். பிள்ளைப்பூச்சி துப்பாக்கியை எடுத்தே ஆக வேண்டும். எடுக்கட்டும், சுடட்டும், எனக்கு அது போதும்.

ஓநாய்கள் கதவைப் பிறாண்ட ஆரம்பித்தன. பலகை விரிசல் விட்டது. வேலையை விட்டுவிட்டு ஆட்கள் என் பின்னால் வந்து நின்றார்கள். பிள்ளைப்பூச்சி துப்பாக்கிக்கு முன்னால் போய் நின்றது.

"எடு, எடு, எடு!" என்று டெஸ்டர் கத்தினாள்.

எடுக்கவில்லை. கடைசியாக இருந்த இரண்டு டப்பாக்களைத் திறந்து தரையில் வைத்தது. கதவின் தாழை அதுவே நீக்கியது. ஓடிப்போய்ப் பின்பக்க ஜன்னல் வழியே குதித்து, ஜன்னலைச் சாத்தியது. ஐந்து ஓநாயும் உள்ளே பாய்ந்தன. அது குடிசையைச் சுற்றி வந்து, வெளியிலிருந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது.

அந்தக் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் இருப்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

"அடப்பாவி, வீட்டையே ஓநாய்க்குக் குடுத்துடுச்சே!" என்றார் லீடர்.

இப்போது அது புயலுக்குள் நின்றது. உடம்புச் சூட்டைக் காட்டும் கோடு சரசரவென்று இறங்கியது. பக்கத்தில் ஒதுங்க இருந்தது கரடிக் குகை ஒன்றுதான். தட்டுத்தடுமாறி அதன் வாய்வரை போனது. உள்ளே கரடி தூங்குகிறது. நுழைந்தால் கரடி எழுந்துகொள்ளும். சற்று நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தது. புயலை நிறுத்த எனக்கு ஒரு பட்டன் போதும். விரல் அதன்மேல்தான் இருந்தது. அழுத்தாமல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு தீர்ந்தது. திரை கறுத்தது.

யாரும் கை தட்டவில்லை. டெஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தன் மேஜைக்குப் போனாள்.

சாயங்காலம் பேயறைந்தவன் மாதிரி வீட்டுக்குள் நுழைந்தேன். அக்கா குழாயடியில் நின்று முழங்கைவரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து வந்ததும் அப்படித்தான் கழுவுவாள், லீவு நாளிலும் அது விடாது போல என்று நினைத்தேன். பிறகு மேஜையைப் பார்த்தேன். என் பழைய லேப்டாப் திறந்து கிடந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: குளிரில் இறந்தீர்கள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொந்தக்காரர்களுக்கென்று ஆபீசில் ஆளுக்கொரு கேம் கொடுத்தார்கள். அதை அக்காவுக்கு நான்தான் போட்டுக் கொடுத்தேன். "வெட்டுக்குத்தெல்லாம் எனக்கு வேணாம்டா" என்றாள். அதோடு மறந்தே போய்விட்டேன்.

"நீ... இத ஆடுவியாக்கா?"

"தினமும்தான். சொன்னா கிண்டல் பண்ணுவேன்னு சொல்லல." அவள் கண் சிவந்திருந்தது. "நாள் முழுக்க வெட்டிட்டு வர்றேன்டா. அங்க போனாதான் இந்தக் கை சும்மா இருக்கும். இன்னிக்கு எல்லாம் போச்சு. குடிசை, ஓடை, எல்லாம்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அது போனாப் போகட்டும்" என்றாள். "அஞ்சு ஓநாய்டா, கொலப்பட்டினி. உள்ள விட்டு வெளித்தாழ்ப்பாள் போட்டுட்டேன். புயல் நின்னதும் தொறந்து விட்டுட்டு மரத்துல ஏறிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நான் செத்துட்டேன். ரெண்டே ரெண்டு டப்பாதான் உள்ள வெச்சேன், அது எந்த மூலைக்கு? உங்க ஆபீஸ்ல செஞ்சதுதானே, நீ சொல்லு. அதுங்கள இனிமே யாருடா தொறந்து விடுவா?"

குடிசையும் இல்லை, ஓநாயும் இல்லை, அவள் செத்ததுமே கேம் எல்லாவற்றையும் அழித்துவிட்டது. அதை அவள் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

"தொறந்து விட்டுட்டேன்க்கா" என்றேன். "அஞ்சும் காட்டுக்குள்ள ஓடிடுச்சு."

"அப்பாடா!" என்றாள். துண்டை எடுத்து நிம்மதியாகக் கை துடைத்தாள். துடைத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

"நீ தொறந்து விட்டியா? அப்ப நீ பாத்துட்டு இருந்தியா?"

நான் லேப்டாப்பை மெல்ல மூடினேன்.

"காலைல ஒரு ஆள ஒழிச்சுக்கட்டணும்னு சொன்னியே" என்றாள் அக்கா. "அது நானாடா?"