துளை போடுகிறவன்

புலாவ் செபாங் சாமான் கடையில் சீன முதலாளி தவுக்கே இரண்டு துளைப்பான்களை எடுத்து மேஜைமேல் வைத்ததும், மாயாண்டி கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். பெரியது முழுக்க இரும்பு. அதன் தலைப்பக்கம் வளைந்த தகடு ஒன்று. அதில் நெஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு சக்கரத்தைச் சுற்ற வேண்டும். சின்னது கைக்கு அடக்கம். இடது கையில் மரப்பிடி, வலது கையில் சக்கரம். தவுக்கே அந்த மரப்பிடியின் முனையிலிருந்த பித்தளை மூடியைத் திருகிக் கழற்றினார். பிடியை உள்ளே குடைந்திருந்தார்கள். அதற்குள்ளிருந்து துளை போடும் அலகுகள் கலகலவென்று மேஜையில் கொட்டின. பெண் பார்க்கப் போன இடத்தில் தங்கைக்காரி எட்டிப் பார்த்தால் என்ன ஆகுமோ, அதுதான் மாயாண்டிக்கும் ஆனது. அதற்குப் பிறகு அவன் பெரியதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தவுக்கே நேர்மையான மனிதர். கதவு நிலைக்கும் தாழ்ப்பாளுக்கும் என்றால் பெரியது, தகரத்துக்கும் மெல்லிய பலகைக்கும் என்றால் சின்னது என்று மலாயில் தெளிவாகவே சொன்னார். மாயாண்டிக்கு வேண்டியது கதவு வேலைக்கு. கூட வந்திருந்த அவன் மனைவி பெரியநாயகி பெரியதைத் தூக்கிக் கையில் நிறுத்திப் பார்த்தாள்.

"இதயே எடுங்க. கெட்டியா இருக்கு. அதுல பாதி காத்துதான்."

"ஒனக்கென்னா தெரியும்? தேங்காயா வாங்குறோம், தூக்கிப் பாத்து எடுக்க?"

தமிழ் தெரியாத தவுக்கேகூட அவன் சொன்ன தோரணைக்குச் சிரித்தார். பெரியநாயகி பெரியதைக் கீழே வைத்துவிட்டாள். நாலு பேர் முன்னால் புருஷனிடம் தோற்றுப்போவது அவளுக்குப் புதிதில்லை. ஆசையாக வளர்த்த கிடாயை விற்று வந்த பணத்தில் சின்னதை வாங்கினார்கள். இறங்க வேண்டிய ரெம்பியா வரும்வரை பஸ்ஸில் அவன் அந்த மூடியைக் கழற்றுவதும் திருகுவதுமாகவே இருந்தான். பக்கத்து சீட்டு மலாய்க்காரருக்கும் இரண்டு முறை காட்டினான்.

மலாயாவில் அது அவசரகாலம். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாது என்று, ரப்பர் தோட்டத்தில் அங்கங்கே சிதறிக் கிடந்த கூலிக்காரர் லயங்களைப் பிரித்து ஒரே இடத்தில் கூட்டிவந்து, சுற்றிலும் முள்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கேட்டைத் தாண்டி ஒரு மணி அரிசி வெளியே போகக் கூடாது. பால்வெட்டுக்குப் போகிறவர்கள் வாளி, கத்தி, பை, முந்தானை எல்லாவற்றையும் உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவன் சைக்கிள் பம்புக்குள் அரிசியை அடைத்து மாட்டிக்கொண்டதிலிருந்து சோதனை இன்னும் இறுகிவிட்டது.

புது லயங்களுக்குக் கதவும் ஜன்னலும் மாட்ட ஒரு தச்சன் தேவைப்பட்டான். மாயாண்டி பால்வெட்டுக்காரன்தான், ஆனால் ரம்பமும் உளியும் பழகியவன். விடிவதற்குள் எழுந்து கொசுக்கடியில் மரத்துக்கு மரம் ஓடுவது அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. தச்சன் என்ற பெயரோடு நிழலில் நின்று வேலை செய்ய வேண்டும், அதற்காக எதையும் கொடுக்கலாம் என்றிருந்தான். தோட்ட ஆபீஸில் கணக்கு வழக்கு பார்க்கும் பெரிய கிராணியார் கனகரட்ணம், யாழ்ப்பாணத்துக்காரர். சொந்தமாகத் துளைப்பான் வைத்திருந்தால் திங்கட்கிழமை முதல் அந்த வேலை அவனுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். தச்சு வேலை நடக்கும் மரக்கொட்டகை கேட்டுக்கு வெளியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரியநாயகி துளைப்பானுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சூடம் காட்டினாள். புதுச் சாமானை வெறும் வயிற்றோடு முதல் வேலைக்கு அனுப்பக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். கூடை வாங்கினால் அதன் அடியில் கொஞ்சம் மஞ்சள் அரிசி, மண்வெட்டி வாங்கினால் காம்பில் துணியில் முடிந்த மஞ்சள் அரிசி. வேலை முடிந்து வந்ததும் அதைக் குருவிக்குப் போட்டுவிடுவார்கள். இந்தச் சாமானுக்கு வயிறு எங்கே என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. அவன் குளிக்கப் போயிருந்தபோது மூடியைத் திருகி, கொஞ்சம் மஞ்சள் அரிசியை அலகுகளோடு போட்டு மூடிவைத்தாள். கேட்டு அவள் நினைவுக்கு வரவேயில்லை. சமைக்கிற அரிசி வேறு, சாமிக்கு வைக்கிற அரிசி வேறு. இரண்டும் ஒன்று என்று சட்டம் போடுகிறவனுக்குத்தான் தோன்றும்.

காலையில் கேட்டில் நின்றவன் முனியாண்டி. அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவன். மாயாண்டியின் சாமான் பெட்டியைத் திறந்தான், சந்தனப் பொட்டைப் பார்த்தான், போங்கண்ணே என்று மூடிவிட்டான். மாயாண்டி அப்படியே போயிருக்கலாம். ஆனால் அன்றைக்கென்று போலீஸ் துரை கேட்டருகே சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரன் செய்த சாமானை வெள்ளைக்காரனிடம் காட்டி ஒரு 'குட்' வாங்கிவிட வேண்டும் என்று இவனுக்கு ஆசை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. துளைப்பானை எடுத்துக்கொண்டு துரைக்கு முன்னால் போய், ஒரு சலாம் வைத்து, பித்தளை மூடியைத் திருகி உள்ளங்கையில் கவிழ்த்தான். அலகுகளோடு மஞ்சள் அரிசியும் கொட்டியது.

துரைக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. பம்பை விடச் சாமர்த்தியமான இடம் என்று நினைத்திருப்பார். ஆபீஸிலிருந்து கனகரட்ணத்தைக் கூட்டிவரச் சொன்னார். மாயாண்டி கையெடுத்துக் கும்பிட்டு, அது பூஜை அரிசி என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கிராணியாருக்கு மஞ்சள் அரிசி தெரியாதா என்ன, அவர் வீட்டுச் சாமியறையிலும் இருக்கும். கூலிக்காரனுக்காகப் பரிந்து பேசித் தன் பெயரையும் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதைப்பற்றி அவர் துரையிடம் வாய் திறக்கவில்லை. துரை கேட்டதை மட்டும் தமிழில் கேட்டார்.

"உந்த அரிசியை உள்ளுக்கை வச்சது ஆர்?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பித்தான் சொன்னான் என்று பிற்பாடு அவனுக்காகப் பேசியவர்கள் உண்டு. அதெல்லாம் சப்பைக்கட்டு. அவன் பயந்தான், அவ்வளவுதான்.

"நான் இல்லிங்க. எம்பொண்டாட்டிதான் போட்டா."

பெரியநாயகியை அடுப்படியிலிருந்து கூட்டிவந்தார்கள். ஆமாம், நான்தான் போட்டேன் என்றாள். மறைக்க அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. கை ஈரத்தைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் லாரியில் ஏற்றி அலோர் காஜா லாக்கப்புக்குக் கொண்டுபோனார்கள். மாயாண்டியிடம் துளைப்பானைத் திருப்பிக் கொடுத்து, வேலைக்குப் போ என்றார்கள். போனான். அவன் போயிருக்கக் கூடாது என்று லயம் முழுக்கப் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவரும் லாரியை மறித்து நிற்கவில்லை.

அந்த வேலையாவது நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை. கதவு நிலைக்கு வந்திருந்தது செங்கால் மரம், இரும்புக்கு அண்ணன். சின்னத் துளைப்பானின் அலகு அதில் பட்டுச் சூடேறியது, புகைந்தது, மத்தியானத்துக்குள் ஒடிந்தது. இன்னொன்றைப் போட்டான், அதுவும் ஒடிந்தது. ஒரு தாழ்ப்பாள்கூட மாட்ட முடியவில்லை. மறுநாள் தம்பினிலிருந்து ஒரு சீனத் தச்சன் நெஞ்சுத் தகடு வைத்த பெரிய துளைப்பானோடு வந்து இறங்கினான். மாயாண்டி மறுபடியும் பால்வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டான்.

அப்போதுதான் கனகரட்ணம் அவனைக் கூப்பிட்டனுப்பினார். போலீஸ் துரை புதிதாக ஓர் உத்தரவு போட்டிருந்தார். உள்ளே குடைவாக உள்ள எந்தச் சாமானும் துளை போடாமல் கேட்டைத் தாண்டக் கூடாது. போனாலும் சரி, வந்தாலும் சரி. உள்ளே எதை அடைத்தாலும் துளை வழியாக ஒழுகிவிட வேண்டும். மாயாண்டியின் உள்ளங்கையில் கொட்டிய அரிசிதான் துரைக்கு அந்த யோசனையைக் கொடுத்திருந்தது. அதற்குத் துளைப்பானோடு ஓர் ஆள் வேண்டும்.

"பாரும், உம்மட மனிசி அங்கை கிடக்கிறா," என்றார் கிராணியார். "துரை மனம் வச்சால் கெதியா வருவா. இந்த வேலையை ஒழுங்காச் செய்யும். தச்சன் சம்பளமே போட்டுத் தாறன்."

மாயாண்டி கேட்டடியில் ஒரு மரக்கட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். சைக்கிள் பம்பு, சைக்கிளின் கைப்பிடிக் குழாய், மூங்கில் குடைக்காம்பு, டார்ச் லைட், என்னென்னவோ வந்தது. செங்கால் மரத்தில் அவமானப்பட்ட சின்னத் துளைப்பான் தகரத்தில் சுகமாக இறங்கியது. தவுக்கே சொன்னது சரிதான். பம்பில் துளை போட்டால் எப்படிக் காற்றடிப்பது என்று ஒருவர் அழாத குறையாகக் கேட்டார். ரூல்ஸ் அப்படிலா, நான் என்ன பண்ணட்டும் என்று இவன் சக்கரத்தைச் சுற்றினான். வாழ்க்கையில் முதல்தடவையாக ஆட்கள் அவனுக்காக வரிசையில் நின்றார்கள். நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அண்ணே என்றார்கள். சொல்லக் கூசுகிறது, ஆனால் அது அவனுக்குப் பிடித்திருந்தது. துரை அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுற்றினான். பெண்டாட்டி சீக்கிரம் வந்துவிடுவாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

ஒருநாள் அதே லயத்துக் கருப்பாயி காய்ச்சல் கண்ட கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரெம்பியா டாக்டரிடம் போக வந்தாள். குழந்தையின் அரைஞாணில் ஒரு தாயத்து. முனியாண்டி அதைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். துரை காவல் கொட்டகை வராந்தாவில் நின்றிருந்தார். மாயாண்டிதான் அவளைக் கூப்பிட்டான். அவள் கெஞ்சினாள், அந்தத் தாயத்து கட்டிய பிறகுதான் பிள்ளை பிழைத்தது என்றாள். அவன் அரைஞாணை அறுத்து, தாயத்தைக் கட்டைமேல் வைத்துத் துளை போட்டான். உள்ளே இருந்த விபூதி அவன் முழங்காலில் கொட்டியது. குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

அந்த வாரமே பெரியநாயகியை விடப்போகிறார்கள் என்று சேதி வந்தது. தாயத்தைக்கூட விடாமல் பிடித்த தன் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துத்தான் துரை இரங்கிவிட்டார் என்று மாயாண்டி நினைத்துக்கொண்டான். அலோர் காஜா லாக்கப்பில் இடமில்லாமல் சின்னக் குற்றத்துக்கு வந்த பெண்களையெல்லாம் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அதுதான் விஷயம். அவன் போட்ட துளைகளைப் பற்றி அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அவள் வந்தது மத்தியானம், வெட்டின பாலை எடைபோட்டுவிட்டு எல்லோரும் திரும்புகிற நேரம். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். கேட்டுக்கு முன்னால் நீள வரிசை. அவளைப் பார்த்ததும் வரிசை தானாக விலகி வழிவிட்டது. மாயாண்டி எழுந்து நிற்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றான். அவள் அவனைப் பார்த்தாள், அவன் கையிலிருந்ததைப் பார்த்தாள், அவன் காலடியில் குவிந்து கிடந்த துருவலைப் பார்த்தாள்.

"உள்ள போங்கக்கா," என்றான் முனியாண்டி.

பின்னாலிருந்து கருப்பாயியின் குரல் வந்தது.

"எம்புள்ள அரைஞாண அறுத்தாருல்ல. அவரு பொண்டாட்டி கையில இருக்கறது மட்டும் என்னாவாம்?"

பெரியநாயகியின் இடது புஜத்தில் ஒரு செப்புத் தாயத்து இருந்தது. வயிற்றில் வந்த பிள்ளைகள் தங்காமல் போனபின் ரெம்பியா கோயில் பூசாரி கட்டியது. ஒரு பிள்ளை பிறக்கும்வரை அந்தக் கயிறு கையைவிட்டு இறங்கக் கூடாது என்பது அவர் கட்டளை. லயத்தில் எல்லோருக்கும் இது தெரியும், கருப்பாயிக்கும் தெரியும். இருந்தும் வரிசையில் ஒருவர்கூட விடுங்கள் என்று சொல்லவில்லை. ஒவ்வொருவர் கையிலும் துளை விழுந்த ஏதோ ஒன்று இருந்தது. சத்தம் அடங்கியதைக் கவனித்துத் துரை வராந்தாவிலிருந்து திரும்பிப் பார்த்தார். மாயாண்டி முனியாண்டியைப் பார்த்தான். முனியாண்டி தரையைப் பார்த்தான்.

"கழட்டிக் குடு," என்றான் மாயாண்டி தாழ்ந்த குரலில். "சின்னதா ஒன்னு போட்டுக் குடுத்துர்றேன்."

"கழட்டக் கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"துரை பாக்குறாரு."

"போடணும்னா இப்படியே போடுங்க."

அவள் அவனுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்து, கையை மடக்கி, புஜத்தை மரக்கட்டையின்மேல் சாய்த்தாள். செம்பு வெயிலில் மின்னியது. கயிறு இறுகியிருந்த இடத்தில் தோல் கன்றிப்போயிருந்தது. இப்போதாவது அந்தச் சனியனைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்துவிடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கருப்பாயிகூட அப்படித்தான் நினைத்தாள். வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தாள்.

மாயாண்டி இருப்பதிலேயே மெல்லிய அலகாகப் பார்த்து எடுத்துப் பூட்டினான். முனையைத் தாயத்தின் நடுவில் வைத்தான். அது ஒருமுறை வழுக்கியது. மறுபடியும் வைத்தான்.

"ஆடாமப் புடி," என்றான்.

எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான். அவள் ஆடவில்லை. சக்கரம் சுற்றத் தொடங்கியது. முதலில் செம்புத் துருவல் வந்தது.