சொல்லாமச் சொன்னது

என் வீட்டுக்காரருக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. நான் தைத்த சட்டை இறுக்கமாக இருந்தால், "நான் கொஞ்சம் குண்டாயிட்டேன் போல" என்பார். அளவு தப்பிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவதுதானே? எனக்கு எப்போதும் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. தையல் கடை வைத்திருப்பவளுக்கு அதுதான் பொருத்தம் என்று என் தங்கச்சி கேலி செய்வாள்.

அப்படிப்பட்ட மனுஷனைத்தான் அரசு ஆஸ்பத்திரி நிர்வாகக் கமிட்டியில் பொதுமக்கள் சார்பாக உறுப்பினராகப் போட்டார்கள். பெயிண்ட் கடைக்காரர், வியாபாரிகள் சங்கத்தில் யாரையும் பகைத்துக்கொள்ளாதவர், அதற்காகவே தேடி வந்த பதவி. மாதம் ஒரு கூட்டம். எல்லோரும் வந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். அங்கே பேசுவது எதுவும் வெளியே போகக் கூடாது என்று முதல் நாளே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

"ஜனங்க சார்பா போறவர் ஜனங்ககிட்ட வாயத் திறக்கக் கூடாதா? இது என்ன கூத்து?" என்று கேட்டேன்.

"அங்க அப்படித்தான்" என்றார்.

தங்கச்சி நிறைமாதமாக இருந்தபோது ஒருநாள் எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் புருஷனுக்கு பஸ் டிரைவர் வேலை. வயதில் சின்னவன், தம்பி என்றே கூப்பிடுவேன். பிரசவத்துக்கு எங்கே போவது என்ற பேச்சு வந்தது.

"அண்ணன் கமிட்டில இருக்காரு. நாம எதுக்குக்கா வேற எடம் தேடணும்?" என்றான் அவன்.

என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடியே, "வேற எடமும் பாக்கலாமே" என்றார்.

"ஏன், அங்க என்ன?"

"இல்ல, சும்மா சொன்னேன்."

தங்கச்சி சிரித்துவிட்டாள். "மாமாவுக்கு நமக்காக யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்ல வெக்கம்க்கா." நானும் அப்படித்தான் நினைத்தேன். பதவி வந்ததும் சொந்தம் பாரமாகிவிட்டதா என்று அவரை முறைத்தேன். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துபோனார்.

ஒரு சனிக்கிழமை காலையில் வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனதும், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். ஆனால் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும். "வந்துகிட்டே இருக்காரு" என்றாள் ஒரு நர்ஸ். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு நர்ஸும் அதையே சொன்னாள். தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்க்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு என்ன தெரியும்? அந்த டாக்டர் வந்து சேர்ந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். தங்கச்சிக்கு ரத்தம் நிற்கவில்லை. போய்விட்டாள்.

எனக்குப் பிள்ளை இல்லை. பாப்பா என் கையில்தான் வளர்ந்தாள். டிரைவர் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போவான். திரும்பி வந்து தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். தூங்கிவிட்டால் எழுப்ப மனசில்லாமல் இங்கேயே விட்டுப் போவான். வெளியூரிலிருந்த அவன் அம்மா, பிள்ளையைத் தன்னிடம் கொண்டுவரச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "அக்கா வளத்தா பெத்தவளே வளத்த மாதிரிம்மா" என்று அவன் மறுத்துவிட்டான். அதைக் கேட்ட அன்று நான் குளியலறையில் போய் அழுதேன்.

பாப்பா குப்புற விழ ஆரம்பித்த சமயம். ஒரு மத்தியான நேரம், பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், திரும்பாமலேயே பேசினார்.

"சனி ஞாயிறுல மயக்க மருந்து டாக்டர் இல்லன்னு கமிட்டில பேசினாங்க. அவ போறதுக்கு முந்தின மாசமே. ஆள் கிடைக்கிற வரைக்கும் வெளிய சொல்ல வேண்டாம், ஜனங்க பயந்துடுவாங்கன்னு முடிவு பண்ணாங்க."

"நீங்க என்ன செஞ்சீங்க?" என்றேன்.

"கையெழுத்து போட்டிருந்தேனே. அதான் சொல்லாமச் சொன்னேன்ல, வேற எடம் பாக்கலாம்னு."

சொல்லாமச் சொன்னாராம். வீட்டில் பொண்டாட்டியிடம் உப்பு கூடிவிட்டதைச் சொல்லுகிற மாதிரி, ஒரு உயிர் போகிற விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பாட்டிலைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். பிளாஸ்டிக் பாட்டில், உடையக்கூட இல்லை. "சனிக்கிழமை அங்க போகாதீங்கன்னு வாயத் திறந்து ஒரு வார்த்தை வரலையா உங்களுக்கு?" என்று கத்தினேன். தண்ணீர்க் குழாயைக்கூட மூடாமல் நின்று அழுதார். வீட்டை விட்டுப் போகச் சொல்லலாம் என்றால், பாப்பா அழுதால் முதலில் எழுந்து ஓடுகிறவரும் அவர்தான்.

வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பீற்றிக்கொண்டவள், அந்த விஷயத்தை டிரைவரிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவன் எங்கள் வாசலை மிதிக்க மாட்டான். பாப்பாவை அவன் அம்மாவிடம் கொண்டுபோய் விட்டுவிடுவான். ஊமை கண்ட கனவாக உள்ளேயே வைத்துப் புழுங்கினேன்.

இதற்கிடையில், டாக்டர் இல்லாததைக் கமிட்டி தெரிந்தே மறைத்தது என்று ஊரில் பேச்சு கசிந்தது. கமிட்டிக் கூட்டத்தை இனிமேல் கதவைத் திறந்துவைத்து நடத்த வேண்டும் என்று பஸ் டிப்போ ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். முன்னால் நின்றவன் டிரைவர். ஊர் வாயை மூட முடியாமல், மக்கள் கருத்தைக் கேட்க ஒரே ஒரு கூட்டம் என்று கமிட்டி இறங்கி வந்தது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். நீள மேசைக்கு அந்தப் பக்கம் உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஓரத்து நாற்காலியில் இருந்தார்.

தலைவர் சாந்தமாகப் பேசினார். "எல்லாத்தையும் எல்லார் முன்னாடியும் பேச முடியாதுங்க. நோயாளிகளோட அந்தரங்கம்னு ஒண்ணு இருக்கு."

அதுவும் நியாயம்தானே என்று ஒரு கணம் தோன்றியது. டிரைவர் எழுந்தான். "நோயாளி பேரு எங்களுக்கு வேண்டாம் சார். டாக்டர் இருக்காரா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. இல்லன்னு தெரிஞ்சா கடன்பட்டாவது வேற எங்கயாவது போயிருப்பேன்." ஓரத்து நாற்காலிப் பக்கம் கையை நீட்டினான். "இதோ உக்காந்திருக்காரே, எங்க சகலை. அவரும் இந்தக் கமிட்டிதான். அவருக்கே தெரியாம மறைச்சிருக்கீங்க. தெரிஞ்சிருந்தா என் பொண்டாட்டிய இங்க கொண்டுவர விட்டிருப்பாரா?"

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். மேசையைப் பிடித்துக்கொண்டார். "நான்..." என்றார்.

தலைவர் கையைக் காட்டினார். "உறுப்பினர்கள் பேசறது உள் கூட்டத்துல. மத்தவங்க தயவுசெஞ்சு கொஞ்சம் வெளிய இருங்க." பியூன் எங்களையெல்லாம் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

டிரைவரும் நானும் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். தங்கச்சி போன பிறகு முதல் தடவையாக அவன் முகத்தில் வெளிச்சம் பார்த்தேன். "அண்ணன் நமக்காக எந்திரிச்சாரு, பாத்தீங்களாக்கா? எதுக்கும் வாயே திறக்காத மனுஷன். உள்ள இப்ப சண்டை போட்டுக்கிட்டிருப்பாரு."

உள்ளே அவர் சொல்லிக்கொண்டிருப்பார்தான். ஏற்கெனவே தெரிந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்க வேண்டியவன் என் பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் புகழ்கிறான். பாப்பா என் வளையலை இழுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளை ஒருமுறை இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

"தம்பி, அவருக்குத் தெரியும்."

"என்னக்கா?"

"டாக்டர் இல்லன்னு அவருக்கு முன்னாடியே தெரியும். கமிட்டில பேசினாங்க. அவர் நம்மகிட்ட சொல்லல. பின்னாடி என்கிட்ட சொன்னாரு. நான் உன்கிட்ட சொல்லல."

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. "உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று மட்டும் கேட்டான்.

"பாப்பா குப்புற விழுந்தப்போ."

இப்போது அவள் எழுந்து நிற்கவே பழகிவிட்டாள். அவன் அவளையே பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினான். அப்பா வெளியே கூட்டிப்போகிறார் என்று அவள் சிரித்துக்கொண்டு தாவினாள். மாற்றுத் துணி வைத்திருந்த பையைக் கேட்டான். அதையும் கொடுத்தேன். படியிறங்கிப் போனான். அவன் தோளுக்கு மேலே அவள் எனக்குக் கையாட்டிக்கொண்டே போனாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றார். "கூட்டத்தைத் திறக்கறதப் பத்தி அடுத்த மாசம் யோசிக்கலாம்னு இருக்காங்க. நான் பேசினத வெளிய சொல்ல வேண்டாம்னாங்க. அவங்க சொல்லட்டும், கவலை இல்ல. இன்னிக்கே சகலையக் கூப்பிட்டு நேரா சொல்லிடறேன்."

சுற்றும் முற்றும் பார்த்தார்.

"பாப்பா எங்க?" என்று கேட்டார்.